மறைகோட்டின் அளவு

‘சார், இந்தச் சேம்பர் ஏற்கெனவே உள்ள இருக்கா, இல்ல நாமதான் கட்டணுமா?’ என்று ஒரு மேஸ்திரி என்னைக் கேட்டு ஆண்டுகள் பல கழிந்துவிட்டன. அவர் கையில் நான் வரைந்து அனுப்பிய படம் விரிந்திருந்தது. அவர் காலடியில், தரையின்மேல் இழுத்திருந்த சுண்ணாம்புக் கோட்டைத் தொடர்ந்து, அடிக்கு அடி சதுரமாக இரண்டு வரிசைச் செங்கல் எழும்பியிருந்தது. தரைக்கு அடியில் முன்பே புதைந்து கிடக்கும் கழிவுநீர்ச் சேம்பரின்மேல் புதிய சுவர் எதுவும் வந்து அமர்ந்துவிடலாகாது என்ற எச்சரிக்கைக்காகவே அதை நான் படத்தில் காட்டியிருந்தேன். புதைந்திருப்பதை இடைவிட்டுச் செல்லும் சிறு கோடுகளால் காட்டுவது எங்கள் தொழிலின் மரபு, அப்படித்தான் வரைந்தேன், வரையும்போது திரையில் அப்படித்தான் கண்டேன். ஆயினும் தாளில் அச்சாகி வந்தபோது அந்த நான்கு பக்கங்களும் இடைவெளியே அற்ற முழுக்கோடுகளாகிவிட்டிருந்தன. முழுக்கோடு சொன்னதை மேஸ்திரி நம்பினார். நம்பியபடி கட்டத் தொடங்கினார். இரண்டு வரிசை ஏறிய பிறகு ஏதோ மனத்தில் உறுத்த, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

‘உள்ள இருக்குது மேஸ்திரி, கட்ட வேண்டாம்’ என்றேன். அவர் செங்கற்களை எடுத்து ஓரமாக அடுக்கினார். பிறகு கடப்பாரையின் அடிப்புறத்தால் தரையை அங்கும் இங்கும் தட்டிப் பார்த்து, ஓரிடத்தில் ஓசை மாறியதும் தலையை அசைத்துக்கொண்டார். வேலையளவில் விஷயம் அத்துடன் முடிந்தது. ஆனால் பிற்காலத்தில், ஓய்வு நேரங்களில் தத்துவ நூல்களைப் படிக்கப் புகுந்தபோது, அந்த மேஸ்திரி கேட்ட கேள்வியையே நம்முடைய ஆசாரியர்கள் நூற்றாண்டுக் கணக்காக ஒருவரையொருவர் கேட்டிருக்கிறார்கள் என்பதைக் கண்டு நான் திகைத்துப் போனேன். முன்பே உள்ள பொருளுக்குச் ‘சித்தம்’ என்றும், இனிமேல் செய்து முடிக்க வேண்டிய பொருளுக்குச் ‘சாத்தியம்’ என்றும் அவர்கள் பெயரிட்டார்கள். வேதம் செய்யத்தக்கதைச் சொல்லவே எழுந்தது, முன்பே உள்ள ஒன்றைச் சுட்டிக்காட்டுவது அதன் நோக்கமாகாது என்று மீமாம்சகர் வாதிட, சங்கரர் பிரம்மசூத்திரத்தின் நான்காம் சூத்திரத்துக்கு எழுதிய பாஷ்யத்தில், முக்தியானது உண்டாக்கப்படுவதும் அன்று, அடையப்படுவதும் அன்று, திரிக்கப்படுவதும் அன்று, தூய்மை செய்யப்படுவதும் அன்று என்று நான்கு வழிகளையும் அடைத்து, அது என்றும் உள்ளதே என்று நிறுவினார். சைவ சித்தாந்திகள் சங்கரரோடு எத்தனையோ இடங்களில் மாறுபட்டாலும், ஆன்மாவின் அறிவு புதிதாக உண்டாவதன்று, மூலமலமாகிய ஆணவத்தால் மறைப்புண்டு கிடந்தது விளங்குவதே என்னும் அளவில் அவர்களும் மேஸ்திரிக்கு நான் சொன்ன விடையையே சொல்வார்கள். உள்ளே இருக்கிறது, கட்ட வேண்டாம்.

விடை சொல்வது எளிது. அதைத் தாளில் எழுதிக் காட்டுவதே அரிது. ஒரு பொருள் இருக்கிறது என்றும், அது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது என்றும், இரண்டையும் ஒரே கோட்டால், ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். முழுக்கோடு இட்டால் தெரிவதாகப் பொய் சொன்னதாகும். கோடே இடாவிட்டால் இல்லை என்று பொய் சொன்னதாகும். இவ்விரு பொய்களுக்கும் நடுவே வழி கண்டவர் யாரோ, அவர் துண்டுபட்ட கோட்டைக் கண்டுபிடித்தார். சமய நூல்கள் அனைத்தும் செய்ய முயல்வது இதைத்தான் என்பது என் துணிபு. அக்கோட்டின் துண்டுகள் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், இடைவெளி எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், அந்த அளவு எதைச் சார்ந்தது என்ற கேள்வி, வரைபடக்காரனுக்குத் தொழிற்கேள்வியாகவும் பக்தனுக்கு உயிர்க்கேள்வியாகவும் இருக்கிறது.

மரப்பலகையின்மேல் டிரேசிங் பேப்பரை ஒட்டி, டி-ஸ்கொயரும் செட்-ஸ்கொயரும் வைத்து, மைப்பேனாவால் வரைந்த காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. ஹிடன் லைன் என்றும், புள்ளி ஒன்றுமே இல்லாவிட்டாலும் டாட்டட் லைன் என்றும் நாங்கள் வழங்கிய அந்தக் கோட்டை இடும்போது, கையே அளவறிந்து எழும்பிப் படியும்; மூன்று மில்லிமீட்டர் போய், ஒன்று விட்டு, மறுபடியும் மூன்று போகும். படம் நூற்றில் ஒரு பங்கு அளவில் இருந்தாலும் இருபதில் ஒரு பங்கு அளவில் இருந்தாலும் துண்டின் நீளம் மாறாது. ஏனெனில் கை அறிந்த இடம் தாள் ஒன்றே. கட்டடம் எங்கோ இருந்தது. தாள் இங்கே இருந்தது. கோடு தாளைச் சேர்ந்தது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. எனக்குத் தொழில் கற்பித்த பெரியவர், மறைகோட்டை எண்ணி இடாதே, மூச்சுவிடுவதைப் போல இடு என்பார். அவர் சொல்லின் அருமையை அன்று நான் உணரவில்லை.

ஆட்டோகேட் என்னும் வரைகலை மென்பொருள் 1982ஆம் ஆண்டு வெளிவந்தது. எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. அது கொண்டுவந்த பெரிய மாறுதல் வேகம் என்று பலரும் எண்ணுகிறார்கள். மெய்யான மாறுதல் வேறு. கணினியில் நாம் கட்டடத்தைச் சுருக்கி வரைவதில்லை. பத்து மீட்டர் சுவரைப் பத்து மீட்டராகவே, உள்ளதை உள்ளபடியே வரைகிறோம். சுருக்கம் பின்னால், பார்வைக்காக, தாளில் ஏற்றும்போது நிகழ்வது. 1990இல் வந்த பதினோராம் வெளியீட்டிலிருந்து இந்த இரண்டு உலகங்களுக்கும் தனித்தனி இருப்பிடமே ஏற்பட்டுவிட்டது. பொருள் தன் இயல்பான பரிமாணத்தோடு இருப்பது மாடல் ஸ்பேஸ். அதைப் பார்ப்பவனுக்கு எடுத்துக்காட்டும் தாள் பேப்பர் ஸ்பேஸ். இரண்டுக்கும் நடுவே பலகணிகளைப் போல வியூபோர்ட்டுகள். ஒவ்வொரு பலகணிக்கும் ஒவ்வோர் அளவு. ஒரே பொருளை ஒரே தாளில் ஒரு பலகணி நூற்றில் ஒன்றாகவும் மற்றொன்று இருபதில் ஒன்றாகவும் காட்டலாம். பொருள் ஒன்று, பார்வை பல என்பதை இதைவிடத் தெளிவாக எந்தத் தத்துவ வகுப்பிலும் நான் கற்றதில்லை.

ஆனால் அன்றுவரை தாளைச் சேர்ந்ததாக இருந்த மறைகோடு, இந்தப் பிரிவினையில் அனாதையாயிற்று. சேம்பரின் பக்கம் முந்நூறு மில்லிமீட்டர் என்பது பொருளின் உண்மை. அது மாடலில் இருக்கட்டும். ஆனால் அந்தக் கோட்டின் துண்டுகள் எவ்விடத்தவை? மென்பொருளின் மெட்ரிக் கோப்பில் ஹிடன் என்னும் கோட்டுக்குத் துண்டு 6.35 மில்லிமீட்டர், இடைவெளி 3.175 மில்லிமீட்டர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த அளவைப் பொருளின் உலகத்திலேயே வைத்தால், நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கும்போது துண்டு 0.0635 மில்லிமீட்டர் ஆகிவிடும். எந்தப் பேனாவின் முனையும் அதைவிடத் தடிமனானது. ஆகவே எல்டிஸ்கேல் என்னும் ஒரு பெருக்கெண்ணைக் கொடுத்து, படத்திலுள்ள எல்லாக் கோடுகளின் துண்டுகளையும் ஒரே சமயத்தில் பெரிதாக்குவோம். நான் சேம்பரை வரையும்போது அந்த எண் பத்தாக இருந்தது. இருபதில் ஒரு பங்கு காட்டும் பலகணியில் துண்டு 3.175 மில்லிமீட்டராகி, பெரியவரின் கையிலிருந்து வந்ததைப் போலவே அழகாக விழுந்தது. ஆனால் நூற்றில் ஒரு பங்கு காட்டும் பலகணியில், மண்ணுக்குள் இருக்கும் அஸ்திவாரங்களின் இடைவெளி 0.32 மில்லிமீட்டராகச் சுருங்கி, 0.35 மில்லிமீட்டர் பேனாவின் தடிமனில் மூழ்கிப்போய், முழுக்கோடாகத் தோன்றியது. இதைச் சரி செய்ய, அச்சுக்கு அனுப்பும் அவசரத்தில், பத்தை ஐம்பது ஆக்கினேன். அஸ்திவாரங்கள் செம்மையாயின. ஆனால் துண்டின் நீளம் இப்போது பொருளின் உலகில் 317.5 மில்லிமீட்டர், சேம்பரின் பக்கமோ 300. ஒரு துண்டுக்கே இடம் போதாத கோட்டை அந்த மென்பொருள் முழுக்கோடாகவே வரைந்துவிடும். அப்படித்தான் அந்த முழுக்கோடு மேஸ்திரியின் கைக்குப் போயிற்று.

இந்த இரண்டு பிழைகளையும் வாசகர் சற்று நின்று பார்க்க வேண்டுகிறேன். துண்டு மிகச் சிறிதாகிவிட்டால் இடைவெளிகள் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு கோடு முழுமையாகிறது. துண்டு மிகப் பெரிதாகிவிட்டால் ஒரே துண்டு முழுவதையும் மூடிக்கொண்டு அப்போதும் கோடு முழுமையாகிறது. எதிரெதிர்த் திசைகளில் புறப்பட்ட இரு தவறுகளும் ஒரே பொய்யில் போய் முடிகின்றன: மறைந்திருப்பது வெளிப்படையாகத் தெரிவதைப் போன்ற பொய். சமய உலகில் இவ்விரு தவறுகளைச் செய்பவர்களையும் நான் கண்டிருக்கிறேன். ஒருவர், கடவுளைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் கேட்டவர். அந்த ஒரு வாக்கியத்தையே வானமளாவ நீட்டி, அதற்குள் ஐயத்துக்கும் மௌனத்துக்கும் இடமே இல்லாதபடி எல்லாவற்றையும் மூடிவிடுகிறார். அவருக்கு இறைவனிடத்தில் தெரியாதது என்று ஒன்றும் இல்லை. மற்றவர், நூல்கள் அனைத்தையும் கற்றவர். தத்துவங்களை முப்பத்தாறாக, தொண்ணூற்றாறாக எண்ணி, ஒவ்வொன்றையும் மேலும் மேலும் நுணுக்கிப் பிரித்து, பிரிவுக்கும் பிரிவுக்கும் இடையே இருக்க வேண்டிய திகைப்பு அத்தனையையும் நுணுக்கத்தாலேயே நிரப்பிவிடுகிறார். அவருக்கும் தெரியாதது என்று ஒன்றும் இல்லை. முன்னவரைப் பாமரர் என்றும் பின்னவரைப் பண்டிதர் என்றும் உலகம் பிரித்துப் பேசுகிறது. வரைபடக்காரன் கண்ணுக்கு இருவர் வரைந்ததும் முழுக்கோடே.

எனவே துண்டுகள் எதைச் சேர்ந்தவை என்ற கேள்விக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. நியாய வைசேஷிகர் பரிமாணம் என்பதைப் பொருளின் இருபத்துநான்கு குணங்களுள் ஒன்றாக வைத்து, அணு, மகத்து, தீர்க்கம், ஹ்ரஸ்வம் என நான்காக வகுத்தார்கள். நீளமும் குறுமையும் பொருளில் தங்கியிருப்பவையே, பார்ப்பவன் மனத்தில் அல்ல என்பது அவர்கள் உறுதி. சேம்பரின் முந்நூறு மில்லிமீட்டரைப் பொறுத்தவரையில் அவர்கள் பக்கமே நானும் நிற்கிறேன். எவர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது முந்நூறுதான். ஆனால் மறைவு என்பது அத்தகைய குணமா? சேம்பர் தனக்குத் தான் மறைந்திருக்கவில்லை. அதன் செங்கற்களில் எங்கும் விரிசலோ இடைவெளியோ இல்லை. உள்ளே அது முழுமையாகவே இருக்கிறது. மேலே நின்று பார்க்கும் ஒருவன் இருந்தால்தான் மறைவு என்ற சொல்லுக்குப் பொருளே உண்டாகிறது. ஆதலால் மறைவைக் குறிக்கும் துண்டுகளும் பார்ப்பவன் நிற்கும் இடத்தைச் சேர்ந்தவை. அவற்றின் அளவும் அங்கிருந்தே எடுக்கப்பட வேண்டும். சர்வதேசத் தர நிறுவனம் 1996இல் கோடுகளுக்கு வகுத்த விதியில் இதே உணர்வு இருப்பதைக் கண்டு நான் மகிழ்ந்திருக்கிறேன். அவ்விதி துண்டின் நீளத்தைப் பொருளின் அளவால் சொல்வதில்லை. கோட்டின் தடிமனைப்போல் பன்னிரண்டு மடங்கு துண்டு, மூன்று மடங்கு இடைவெளி என்று சொல்கிறது. கால் மில்லிமீட்டர் பேனாவானால் துண்டு மூன்று, இடைவெளி முக்கால். குறியின் அளவு குறியின் உடலிலிருந்தும் அதைப் படிக்கும் கண்ணிலிருந்தும் பிறக்கிறது.

பிஎஸ்எல்டிஸ்கேல் என்று ஒரு சிஸ்டம் வேரியபிள் அந்த மென்பொருளில் உண்டு. அதன் மதிப்புப் பூஜ்யமானால் துண்டுகள் பொருளின் உலகத்து அளவைப் பின்பற்றும். ஒன்றானால், ஒவ்வொரு பலகணியும் தன் அளவுக்கு ஏற்ப அவற்றைத் திருத்திக்கொண்டு, தாளில் எல்லா இடத்திலும் துண்டு ஒரே நீளமாக விழும்படி செய்யும். பழைய மாதிரிக் கோப்பு ஒன்றிலிருந்து தொடங்கிய படமாதலால் என் படத்தில் அது பூஜ்யமாக இருந்தது. அதை ஒன்றாக்கி, எல்டிஸ்கேலை அரையாக்கினேன். நூற்றில் அஸ்திவாரத்துக்கும், இருபதில் சேம்பருக்கும், துண்டு 3.175 மில்லிமீட்டராக நின்றது. பொருளை வரையும் இடத்தில் இருக்கும்போதும் துண்டுகள் நாம் கருதிய அளவுக்கு ஏற்றபடி தோன்ற எம்எஸ்எல்டிஸ்கேல் என்ற மற்றொன்று 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்தது. சொல்லப் போனால் எல்லாம் மூன்று எண்கள். ஆனால் அந்த மூன்று எண்களுக்குள் ஒரு சித்தாந்தம் அடங்கியிருக்கிறது. பொருளை மாற்றாதே, மறைவைச் சொல்லும் மொழியை மட்டும் கேட்பவனுடைய தாளுக்கு ஏற்ப அளந்து கொடு.

நம் ஆகமங்கள் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படிகளை வைத்ததும், அருள் பதியும் வேகத்தை மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என்று நான்காகப் பிரித்ததும் இந்த நியாயத்தாலே என்று நான் கொள்கிறேன். கோயிலை மெழுகி விளக்கேற்றுகிறவருக்கும், ஏகாந்தத்தில் நிஷ்டை கூடுகிறவருக்கும் சொல்லப்படும் இறைவன் வேறு வேறு அல்லன். அவரவர் நிற்கும் பலகணியின் அளவு வேறு. தீவிரதரருக்கு உரிய மொழியை மந்தரிடம் அப்படியே நீட்டினால் அது அவர் தாளில் முழுக்கோடாகிவிடும்; அவர் அதைத் தெரிந்துகொண்டதாகவே எண்ணிக் கட்டத் தொடங்கிவிடுவார். இப்படிச் சொன்னால், உண்மை ஆளுக்கு ஆள் மாறுமோ என்று சிலர் அஞ்சுவார்கள். அச்சம் நியாயமானதே, ஆனால் இடம் தவறியது. பலகணிக்குப் பலகணி மாறியது துண்டின் அளவே தவிர, சேம்பரின் அளவு அன்று. இன்னும் கூர்ந்து பார்த்தால், தாளில் துண்டு மாறாமல் இருப்பதற்காகத்தான் அது மாடலில் மாறிக்கொடுக்கிறது. ஆசாரியன் ஒவ்வொரு சீடனுக்கும் வேறு வேறாகப் பேசுவதும், ஒவ்வொருவருக்கும் ஒரே விதமான வியப்பு உண்டாக வேண்டும் என்பதற்காகவே.

இடைவெளியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோட்டு வகைகளை எழுதிவைத்திருக்கும் அந்தக் கோப்பை ஒருமுறை திறந்து பார்த்தேன். பேனா படிய வேண்டிய நீளத்தை நேர் எண்ணாகவும், பேனா எழும்ப வேண்டிய நீளத்தைக் குறை எண்ணாகவும், புள்ளியைப் பூஜ்யமாகவும் எழுதியிருந்தார்கள். 6.35, அடுத்துக் குறை 3.175. இடைவெளி என்பது எழுதாமல் விட்டது அன்று, அளந்து எழுதப்பட்டது. அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகம் பதார்த்தங்களை ஏழாக எண்ணி, திரவியம் முதலிய ஆறுக்குப் பின் ஏழாவதாக அபாவத்தை, அதாவது இல்லாமையை, தனிப் பதார்த்தமாக வைக்கிறது. இல்லாததை ஒரு பொருளாக எப்படி எண்ணுவது என்று முதலில் படித்தபோது எனக்குக் குழப்பமாகவே இருந்தது. அந்தக் குறை எண்ணைக் கண்ட அன்று தெளிந்தது. மௌனத்துக்கும் நீளம் உண்டு. நீளம் தவறினால் அது மௌனமாக இராமல் வெறும் முறிவாகிவிடும்.

சைவ சித்தாந்தத்தில் எனக்கு மிகவும் உருக்கமாகத் தோன்றும் இடம் திரோதானம் பற்றிய கொள்கையே. படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் என்ற நான்கோடு மறைத்தலையும் இறைவனுடைய தொழிலாக நம் முன்னோர் எண்ணினார்கள். மறைப்பவை பாசங்களே என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவர்கள் அவ்வாறு நிறுத்தவில்லை. ஆணவ மலத்தோடு உடன் நின்று, அதைத் தொழிற்படுத்தி, உயிரை உலக அனுபவத்தில் செலுத்திப் பக்குவப்படுத்துவது சிவசக்தியே. அக்காரணத்தால் உபசாரமாக அதையும் மலம் என்று எண்ணினார்கள். பக்குவம் வந்தபோது மறைத்துக்கொண்டிருந்த அதே சக்தி அருட்சக்தியாகப் பதிகிறது என்றார்கள். ஆகவே மறைவு, இருப்பவனுடைய தொழில். நடராச வடிவத்தில் ஊன்றிய திருவடியை மறைத்தலுக்கும் எடுத்த திருவடியை அருளலுக்கும் உரியதாக உண்மை விளக்கம் என்னும் நூல் காட்டுகிறது. கட்டடத் தொழிலில் உழன்ற எனக்கு ஊன்றிய அடியைப் பார்க்கும்போதெல்லாம் அஸ்திவாரம் நினைவுக்கு வரும். தூக்கிய அடியை அனைவரும் தொழுகிறார்கள். பாரம் முழுவதையும் தாங்குவது ஊன்றிய அடி.

அந்த நடராசர் உறையும் தில்லையாகிய சிதம்பரத்தில், கூத்தப்பெருமானுக்கு அருகே ஒரு திரை தொங்குகிறது. திரையை விலக்கும்போது உள்ளே உருவம் இல்லை; பொன்னால் செய்த வில்வ இலைகளின் மாலைகள் வெறுவெளியில் தொங்குகின்றன. அதைச் சிதம்பர ரகசியம் என்கிறோம். வெறும் வெளியை மட்டும் வைத்திருந்தால், பார்க்கிறவன் ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடுவான். உருவத்தை வைத்திருந்தால் இதுதான் என்று திருப்தியடைந்துவிடுவான். இலை, இடைவெளி, இலை, இடைவெளி என்று தொங்கும் அந்த மாலையைவிடச் சரியான மறைகோட்டை நான் எந்த வரைபடத்திலும் கண்டதில்லை. அதை வைத்தவர்கள் தாளின் அளவை அறிந்திருந்தார்கள். தீபாராதனை ஒளியில், கூட்டத்தில் நெருக்குண்டு, கணநேரம் எட்டிப் பார்க்கும் ஒரு கண்ணுக்கு எவ்வளவு போதுமோ அவ்வளவே தொங்கவிட்டிருக்கிறார்கள்.

இனி, தொழிலில் இளையவர்கள் செய்யும் ஒரு காரியம் எனக்கு வருத்தம் தருவது. மொத்தப் படத்துக்கு உரிய எண்ணைத் திருத்தாமல், கண்ணுக்குத் தவறாகத் தெரியும் ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியே பிடித்து, அதற்கு மட்டும் ஒரு பெருக்கெண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பலகணியில் அந்தக் கோடு அந்த நேரத்துக்குச் சரியாகிவிடும். அடுத்த பலகணியில் அது வேறு விதமாகப் பிசகும். பிறகு பொது எண்ணைத் திருத்தினால், திருத்தப்பட்ட கோடுகள் அனைத்தும் மறுபடியும் கெடும். ஏனெனில் இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பெருகி நிற்பவை. தன் சமயத்தில் தனக்கு இடறிய ஒரு வாசகத்தை மட்டும் தனக்கு ஏற்றபடி திரித்துக்கொண்டு, எந்த நோக்கிலிருந்து அது சொல்லப்பட்டது என்று கேளாமல் விடுகிறவர்களை இது எனக்கு நினைவூட்டும். அவர்கள் தீயவர் அல்லர், அவசரப்படுகிறவர்கள். நானும் அப்படி அவசரப்பட்டுத்தான் பத்தை ஐம்பதாக்கினேன்.

மற்றொன்று: பிஎஸ்எல்டிஸ்கேல் என்ற அந்த வேரியபிளைப் பூஜ்யத்திலிருந்து ஒன்றாக மாற்றியவுடன் திரையில் ஒரு மாறுதலும் நிகழாது. ரீஜென்ஆல் என்ற கட்டளையைக் கொடுத்து எல்லாப் பலகணிகளையும் புதிதாக வரையச் செய்யும்வரை பழைய தோற்றமே நிற்கும். எண் திருந்திவிட்டது, கண்ணுக்கு இன்னும் பழையதே. பெருங்காயம் இருந்த பாத்திரத்தில் பெருங்காயம் தீர்ந்த பின்னும் வாசனை நிற்பதைப் போல, ஞானம் வந்த பின்னும் மலவாசனை நிற்கும் என்று சித்தாந்திகள் சொல்வதற்கு இது ஒரு புதிய திருஷ்டாந்தமாகலாம். ஐந்தெழுத்தை ஓயாமல் ஓது என்று அவர்கள் விதித்ததும் அந்த வாசனையை நீக்கவே.

இவையெல்லாம் தீர்ந்த பின்னும் ஓரிடம் எனக்குத் தீரவில்லை. பழைய வரைபட நூல்களில் மறைகோட்டுக்குச் சில நுண்ணிய விதிகள் உண்டு. இரு மறைகோடுகள் மூலையில் சந்தித்தால் துண்டும் துண்டுமாகத் தொட வேண்டும்; மூலையில் இடைவெளி விழலாகாது, விழுந்தால் அங்கே மூலை இருப்பதே தெரியாது. மறைகோடு ஒரு முழுக்கோட்டில் போய் முட்டினால் துண்டாகவே முட்ட வேண்டும். ஆனால் ஒரு முழுக்கோடு அதே நேர்ப்பாதையில் மறைகோடாகத் தொடர்ந்தால், அதாவது ஒரு சுவர் வெளியே தெரிந்துகொண்டே சென்று மண்ணுக்குள் இறங்கினால், அந்தச் சந்தியில் மட்டும் முதலில் ஓர் இடைவெளி விட்டுப் பிறகே துண்டைத் தொடங்க வேண்டும். தெரிவது எங்கே முடிந்தது, தெரியாதது எங்கே தொடங்கிற்று என்பதை அந்த இடைவெளி ஒன்றே சொல்லும். பெரியவர் அந்த ஓரிடத்தில் கையைச் சற்று நிறுத்தி எடுப்பார்.

மென்பொருள் மறைகோட்டை எப்போதும் துண்டில் தொடங்கித் துண்டில் முடிக்கும். மூலைகளுக்கு அது மிகவும் பொருந்துகிறது. ஆனால் முழுக்கோட்டின் தொடர்ச்சியாக வரும்போது முதல் துண்டு முழுக்கோட்டோடு ஒட்டிக்கொள்ள, எல்லை மூன்று மில்லிமீட்டர் தள்ளிப்போய்விடுகிறது. அதனால் நான் இன்றும் அந்தச் சந்திகளுக்குச் சென்று மறைகோட்டின் தொடக்கத்தைக் கையாலேயே சிறிது வெட்டி எடுக்கிறேன். மாடலில் நூற்றைம்பது மில்லிமீட்டர் வெட்டினால் நூற்றில் ஒரு பங்குத் தாளில் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. கண்ணுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் அந்த வெட்டு பொருளின் உலகத்தில் விழுந்தது. எந்த வேரியபிளும் அதைத் தாளுக்கு ஏற்பத் திருத்தாது. இருபதில் ஒரு பங்குப் பலகணியில் அதே இடைவெளி ஏழரை மில்லிமீட்டராக விரிந்து, சுவர் அங்கே அறுந்துவிட்டதைப் போலத் தோன்றுகிறது. ஒன்றுக்கு வெட்டினால் மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. மறைந்ததைச் சொல்லும் கோடு முழுவதையும் பார்ப்பவன் பக்கம் கொண்டுவந்து சேர்த்துவிட்ட பிறகும், வெளிப்படையானது மறைவாக மாறும் அந்த ஒரு சந்தி மட்டும் பொருளின் பக்கமே நின்றுவிடுகிறது. அங்கே வரும்போதெல்லாம் நானும் பெரியவரைப் போலக் கையை நிறுத்திக்கொண்டு, எந்தப் பலகணிக்காக வெட்டுவது என்று யோசித்தபடி இருக்கிறேன்.